மேட்டில் ஏழாவது வீடு

எங்கள் ஊரில் பெயிண்ட்டர் அக்கா சுரண்டாத சுவர் கிடையாது. இதைச் சிலர் பெருமையாகச் சொல்வார்கள், சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்கள். பழைய பூச்சைச் சுரண்டி எடுத்தால்தான் புதுப்பூச்சு நிற்கும் என்பது அவர் கட்சி. "சும்மா மேலாக்க ஒரு கோட்டிங் குடுத்துட்டுப் போங்க" என்று யாராவது சொன்னால், ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த வழியே போய்விடுவார். அப்படிப் போனவரின் பின்னாலேயே ஓடிக் கெஞ்சிக் கூட்டி வந்தவர்களில் நானும் ஒருவன்.

நான் ஊர் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவன். படிக்க வருகிறவர்கள் குறைவு, அதனால் எனக்குப் பேச்சு அதிகம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. பதினாறில் சித்தாளாகச் சிமெண்ட் சட்டி சுமக்க ஆரம்பித்தார். ஒருநாள் பெயிண்ட் அடிக்க வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட, மேஸ்திரி தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். அவர் தலையிலிருந்து கையை எடுப்பதற்குள் இவர் பிரஷ்ஷை எடுத்து ஒரு அறையையே முடித்துவிட்டாராம். "பொம்பளை ஏணி ஏறினா நல்லாவா இருக்கும்?" என்று மேஸ்திரி கேட்க, "விழுந்தாத்தான் நல்லா இருக்காது" என்று பதில் வந்திருக்கிறது. அன்று ஏறியவர் இன்னும் இறங்கவில்லை. அவர் வீட்டுக்காரர் மினி லாரி ஓட்டுகிறார்; ஸ்டூல் மேல் ஏறி பல்ப் மாட்டவே கால் நடுங்குகிறவர். அந்த வீட்டில் உயரத்தில் செய்யும் வேலையெல்லாம் அக்காவுக்கு. சண்டை போடும் வேலையும் அக்காவுக்குத்தான்.

அவருக்கு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாயடைத்துப் போகும். அது அவருடைய அம்மா.

ஊருக்கு மேற்கே ஒரு மேடு. ஊர் முழுக்கக் கறுப்பு மண், அந்த மேட்டில் மட்டும் செம்மண். ஐம்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் கல் உடைக்கும் கம்பெனி ஒன்று அங்கே வந்து, மேட்டின் தலையைச் சீவித் தட்டையாக்கி, பாதியைத் தோண்டி எடுத்துவிட்டுப் போய்விட்டது. அந்தக் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர்கள் என்றுதான், அக்காவின் வீட்டையும் சேர்த்து, ஓடைக்கரையில் இருக்கும் ஏழு வீட்டு வரிசையை ஊர் சொல்லும். கிராம அலுவலகப் பதிவேட்டிலும் மேடு 'குடியிருப்பு இல்லாத நிலம்' என்றே இருக்கிறது. அக்காவின் அம்மா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "நாங்க பிழைக்க வந்தவங்க இல்ல, கம்பெனி எங்களைக் கிளப்பி விட்டுச்சு. மேட்டுல எங்களுக்கு வீடு இருந்துச்சு. தேக்குக் கதவு போட்ட வீடு" என்று கண்டவரிடமெல்லாம் சொல்வார். சித்தாள் வேலை பார்க்கிற பெண்ணுக்குத் தேக்குக் கதவா என்று ஊர் சிரித்தது. 'மேட்டு மகாராணி' என்று பெயர் வைத்தது. அந்தப் பெயரோடேயே அவர் செத்துப்போனார். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் யாரோ பின்னால், "மகாராணி கிளம்பிட்டாங்க" என்று சொன்னது அக்காவின் காதில் விழுந்திருக்கிறது.

இந்த நிலையில்தான் நாங்கள் ஊர் வரலாற்றுக் குழுவைத் தொடங்கினோம். ஓய்வுபெற்ற தபால்காரர் தலைவர். எந்த வீட்டுக்கு எத்தனை படி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். மாடிவீட்டுக்காரர் ஒரு உறுப்பினர். ஊரின் முதல் மாடி அவருடையது, ஊரின் முதல் மனிதரும் அவர் பாட்டனார்தான் என்பது அவர் துணிபு. எழுதுகிற வேலை எனக்கு. இந்த ஊரில் முதலில் யார் குடியேறினார்கள், அடுத்து யார், எந்த வீடு எங்கே இருந்தது என்று விசாரித்து, நூலகக் கூடத்தின் நீளச் சுவரில் பெரிய வரைபடமாகத் தீட்ட வேண்டும் என்பது திட்டம்.

வீடுகளின் வயதைக் கண்டுபிடிக்க நான் ஒரு யோசனை சொன்னேன். அதை இப்போது நினைத்தால் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. மரத்துக்கு வளையம் மாதிரி சுவருக்குப் பூச்சு. ஒரு பூச்சு ஒரு வருஷம். சுரண்டி எண்ணினால் தீர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். வீடு வீடாகப் போய் மூலையில் சுரண்டி, எண்ணி, அட்டவணை போட்டோம். மாடிவீட்டுக்கு அறுபத்தொரு பூச்சு. ஓடைக்கரை வரிசைக்கு ஒன்பது. மாடிவீட்டுக்காரர் அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

வரைபடம் தீட்டுவதற்காக நீளச் சுவரைச் சுரண்ட வந்த அக்கா, மேஜையில் கிடந்த அட்டவணையைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தம்பி, இது வயசு இல்ல, வசதி. காசு இருக்கிறவங்க வருஷா வருஷம் அடிப்பாங்க. இல்லாதவங்க வீட்டுல ஒரு கல்யாணம் வந்தா அடிப்பாங்க. மாடிவீட்டு அம்மாவுக்குப் பச்சை பிடிக்கலைன்னு ஒரே மாசத்துல மூணு தடவை நானே அடிச்சிருக்கேன். அதை மூணு வருஷம்னு எழுதி வெச்சிருக்கீங்களா?"

எனக்கு முகம் செத்துவிட்டது. தபால்காரர் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "நீயும் குழுவுல சேரும்மா" என்றார்.

"சேர்றேண்ணே. ஆனா ஒரு சட்டம். வாய் சொல்றதை எழுதக் கூடாது. சுரண்டினா என்ன தெரியுதோ, அதை மட்டும் எழுதணும்."

அம்மாவின் வாயை ஊர் நம்பாமல் போனது அவருக்கு உள்ளே எவ்வளவு ஆழத்தில் தைத்திருந்தது என்று எனக்கு அப்போது புரியவில்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். 'வாய்மொழித் தகவல்கள் ஏற்கப்படமாட்டா' என்று ஒரு பலகை எழுதி நூலக வாசலில் நானே மாட்டினேன். எனக்கு எப்போதுமே கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம் உண்டு.

சட்டம் முதலில் கடித்தது மாடிவீட்டுக்காரரை. அவருடைய சித்தப்பா, மச்சான், சகலை மூன்று பேரும் வந்து, வீட்டுக்கு இருநூறு வயது என்று அடித்துச் சொன்னார்கள். அக்கா அந்த வீட்டின் மிகப் பழைய சுவர் எது என்று அவர்களையே காட்டச் சொல்லி, அதில் உள்ளங்கை அகலத்துக்குக் காரையைப் பெயர்த்தார். உள்ளே இருந்த செங்கல்லில் சூளையின் முத்திரை பளிச்சென்று இருந்தது. அந்தச் சூளை திறந்த நாளில் தபால்காரர் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கப் போயிருந்தார். மாடிவீட்டுக்காரர் முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். "சரி, எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்று டீ வரவில்லை.

அதற்கப்புறம் அக்கா ஓடைக்கரை வரிசைக்கு வந்தார். முதல் வீட்டில் கதவு நிலையைச் சுரண்டியபோது அவர் கை நின்றது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"சுவத்துல ஒன்பது பூச்சு. நிலையில பதினாலு. எப்படி?"

"கதவுக்கு அடிக்கடி அடிச்சிருப்பாங்க."

"இங்க பாரு. நிலைக்கு அடிக்கும்போது சுவர் எங்க ஆரம்பிக்குதோ அதுவரைக்கும்தான் பிரஷ் போகும். மேல இருக்கிற ஒன்பதும் அப்படித்தான் நிக்குது. அடியில இருக்கிற அஞ்சும் காரைக்கு உள்ள ரெண்டு விரக்கடை போகுது. சுவர் வந்தப்புறம் பிரஷ் எப்படி உள்ள போகும்? இந்த நிலை முன்னாடி வேற ஒரு சுவத்துல இருந்திருக்கு. அதைப் பெயர்த்து எடுத்துட்டு வந்து இங்க வெச்சுக் கட்டியிருக்காங்க."

அடியில் இருந்த ஐந்தும் பெயிண்ட் இல்லை. செம்மண் குழம்பு. அன்றே நாங்கள் மேட்டுக்குப் போய் ஒரு டப்பாவில் மண் அள்ளி வந்து, கரைத்து, பலகையில் தடவிக் காய வைத்தோம். அதே நிறம், அதே மினுக்கு. கறுப்பு மண் ஊரில் அந்தச் செம்மண் வேறெங்கே கிடைக்கும்? மேட்டில் வீடுகள் இருந்திருக்கின்றன. கிளம்பச் சொன்னபோது மனிதர்கள் சுவரை விட்டுவிட்டுக் கதவை மட்டும் தூக்கி வந்திருக்கிறார்கள்.

ஒரு வாரத்தில் ஆறு வீட்டு நிலைகளைச் சுரண்டினோம். ஆறிலும் அடியில் செம்மண், ஆறிலும் அது காரைக்குள் போனது. அந்த ஆறில் ஐந்தில் இன்று இருப்பவர்கள் பின்னால் வாங்கி வந்தவர்களும் பேரப்பிள்ளைகளும். அவர்களுக்கே அது புதுச் செய்தி. ஆறாவது தையல்காரம்மாவின் வீடு. அவருக்கும் அக்காவுக்கும் பதினோரு வருஷமாகப் பேச்சு கிடையாது. அக்கா பிரஷ் கழுவிய தண்ணீர் ஓடிப்போய், தையல்காரம்மா உலர வைத்திருந்த கல்யாண ரவிக்கையை நீலமாக்கிவிட்டதில் ஆரம்பித்த சண்டை. அங்கே சுரண்டும்போது அக்கா என்னிடம், "தம்பி, அந்த வீட்டம்மாவைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு" என்பார். ஒரு முழம் தூரத்தில் நிற்கிற தையல்காரம்மா, "எங்க நிக்கணும்னு எனக்குத் தெரியும்னு சொல்லுப்பா" என்பார். நான் நடுவில் தபாலாக ஓடினேன்.

அம்மா விட்டுப்போன தன் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தார் அக்கா. பிடித்ததைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துக் கடைசியில் சாப்பிடுவார்களே, அப்படி. அன்று காலையில் தலைக்குக் குளித்து நல்ல சேலை கட்டியிருந்தார். தபால்காரரையும் வரச் சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் லாரியை எடுக்காமல் வாசலில் நின்றார்.

அக்கா சுரண்டினார். ஒன்பது பூச்சு. ஒன்பதாவது, கடையில் விற்கிற நீலம். அதற்கடியில் மரம். செம்மண் இல்லை. காரையைப் பெயர்த்துப் பார்த்தார். நீலம் சுவரின் விளிம்போடு நேர்கோடாக நின்றுவிட்டது. வலது பக்கம் சுரண்டினார், மேலே ஏறிச் சுரண்டினார். எங்கும் அதேதான். அந்த நிலை வேறெங்கும் நின்றதில்லை. தேக்கும் இல்லை, மட்டமான மரம்.

 எனக்குத்தான் வாய் நிற்காதே.

"அக்கா, ஆறு இருந்தா ஏழும் இருந்திருக்கும். ஏழுன்னே எழுதிடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் ஒரு படி கீழே இறங்கிவிட்டேன்.

"மாடிவீட்டுக்காரருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா? ஆறுன்னு எழுது. எழுதுடா!"

தம்பி என்பார், நீ என்பார். 'டா' போட்டது அந்த ஒருமுறைதான். எழுதினேன். அவர் சுரண்டியை உதறித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அன்றைக்குப் பள்ளிக்கூடக் கழிவறைக்கு இரண்டு கோட்டிங் அடித்திருக்கிறார். அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நான் அழுதேன்.

மூன்றாம் நாள் தையல்காரம்மா நூலகத்துக்கு வந்தார். வாழ்க்கையில் முதல்முறை. அளவு நாடா கழுத்தில் தொங்கியது.

"ஆறு வீடுதான்னு எழுதிட்டீங்களாமே?"

"ஏழாவதுக்குத் தடயம் இல்லம்மா."

"எப்படி இருக்கும்? அவ அம்மா வீட்டுக்குக் கதவே கிடையாது. சாக்குதான் தொங்கும். எனக்கு அப்போ ஆறு வயசு. அந்தச் சாக்கைத் தூக்கிக்கிட்டு உள்ள போயி விளையாடியிருக்கேன். எல்லாரும் கதவைத் தூக்கிட்டு வந்தாங்க. அவங்க சாக்கை மடிச்சு இடுப்புல வெச்சுக்கிட்டு வந்தாங்க. இங்க வந்து ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் நிலையே வாங்கினாங்க. இவ அப்போ பொறக்கவே இல்ல."

நான் பேனாவைக் கீழே போட்டுவிட்டேன். "இத்தனை நாளா ஏம்மா சொல்லலை?"

"எங்கப்பாவுக்குக் கம்பெனியில வேலை குடுத்தாங்க. மேட்டைப் பத்தி வாயைத் திறக்காதேன்னுட்டாரு. அப்படியே பழகிடுச்சு. சரி, இப்போ சொல்லலாம்னு பார்த்தா, வாயால சொன்னா வாங்க மாட்டோம்னு வாசல்ல பலகை மாட்டி வெச்சிருக்கீங்க." அவர் அந்தப் பலகையைக் கையால் காட்டினார். "யாரு மாட்டினது அதை?"

நான் வாசலுக்குப் போய்ப் பலகையைக் கழற்றினேன்.

செருப்புக்கூடப் போடாமல் அக்காவிடம் ஓடினேன். ஒரு வீட்டு மாடிப்படியின் கைப்பிடிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். அவர் பிரஷ்ஷை டப்பாவின் குறுக்கே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"சாக்கா?"

"சாக்குதான்னு சொல்றாங்க."

"தேக்குக் கதவுன்னு சொன்னாங்களே தம்பி. சாகிற வரைக்கும் சொன்னாங்களே." கையிலிருந்த பெயிண்ட்டை நகத்தால் உரித்தார். "வெட்கப்பட்டிருக்காங்க. வீடு நிஜம், கதவு பொய். கதவு பொய்யின்னு தெரிஞ்சதும் ஊரு வீட்டையும் பொய்யின்னுடுச்சு. சாக்குன்னு சொல்லியிருந்தா யாராவது நம்பியிருப்பாங்க."

 அம்மா பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்கத்தான் இவர் சுவர் சுவராகச் சுரண்டினார். இப்போது அம்மாவின் வீட்டை நிறுத்த வேண்டுமானால், அம்மா பொய் சொன்னதை ஊர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும்.

குழு கூடியது. தபால்காரர் விஷயத்தைச் சொன்னார். அக்கா எழுந்து நின்றார்.

"எனக்காகச் சட்டத்தை மாத்தாதீங்க. மாத்தினா எல்லாருக்கும் மாத்துங்க. இல்லேன்னா ஆறே இருக்கட்டும்."

தபால்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "வாய்ச்சொல்லை எடுத்துக்கலாம். ஆனா சொல்றவங்க சொந்தக்காரங்களா இருக்கக் கூடாது. சொல்றதால ஒரு லாபமும் இருக்கக் கூடாது. இப்படி மாத்தினா?"

எல்லோரும் மாடிவீட்டுக்காரரைப் பார்த்தார்கள். சட்டத்தால் அடிபட்டவர் அவர்தான். முறைப்பாரோ என்று நான் பயந்தேன். அவர் தாடையைச் சொறிந்துகொண்டார்.

"பதினோரு வருஷமா மூஞ்சியைப் பார்க்காதவ வந்து சாட்சி சொல்றா. இதைவிட என்ன வேணும்? எனக்கும் சண்டைக்காரங்க இருக்காங்க. ஒருத்தனாவது எங்க வீட்டுக்கு இருநூறு வயசுன்னு சொல்றானான்னு கேட்டுப் பார்க்கிறேன்" என்று கையைத் தூக்கினார். எல்லாக் கைகளும் எழுந்தன.

"அப்போ மேட்டுல ஏழு வீடுன்னு எழுதிக்கலாம். சாக்கு, கதவு எல்லாம் எதுக்கு? ஏழு. அவ்வளவுதான்" என்றேன் நான். அம்மாவின் மானத்தைக் காப்பாற்றிக் கொடுக்கிறேன் என்று எனக்கு நினைப்பு.

"இல்ல தம்பி," என்றார் அக்கா.  "சாட்சி சொன்னது சாக்கு வீட்டுக்கு. சாக்கை விட்டுட்டு வீட்டை மட்டும் எடுத்துக்கிட்டா, நானும் எங்கம்மா பண்ணினதையே பண்றேன். சாக்கு வரணும். சுவத்துல, எல்லாருக்கும் தெரியுற மாதிரி."

நீளச் சுவரில் ஓடை, ரோடு, தெருக்கள் எல்லாம் ஏற்கெனவே ஏறியிருந்தன. மேட்டை மட்டும் வெள்ளையாக விட்டிருந்தார். அன்று மேட்டு மண்ணையே கரைத்து அதற்கு நிறம் கொடுத்தார். ஆறு வீடுகளை வரைந்து, ஆறுக்கும் கதவு போட்டார். ஒவ்வொன்றுக்கும் அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஏழாவதுக்கு வந்ததும் மெல்லிய பிரஷ்ஷுக்கு மாறினார். சாக்கின் இழைகளை ஒவ்வொன்றாக, குறுக்கும் நெடுக்குமாகப் போட ஆரம்பித்தார். கூடத்தில் ஊரே நின்றது. மகாராணி என்று பெயர் வைத்தவர்களும் நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தையல்காரம்மா முன்னால் வந்தார். ஏணிக்குக் கீழே நின்று, துணியைப் பார்க்கிற கண்ணோடு சாக்கை உற்றுப் பார்த்தார். நான் தபாலாக ஓடத் தயாரானேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏண்டி, அது முழுசா இருக்காது. கீழ கிழிஞ்சிருக்கும்."

அக்கா ஏணியிலிருந்து குனிந்து அவரைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம்க்கா?"

"இடது பக்கம். ஒரு ஜாண்."

அக்கா இரண்டு படி இறங்கி, இடது பக்கம் ஒரு ஜாண் அளவுக்குக் கிழிசலைப் போட்டார்.